காருகுறிச்சியில் ஏறுகிறவள்

காருகுறிச்சி ஸ்டேஷன் நடைமேடை முழுக்கப் பானைகள் காய்ந்துகொண்டிருந்தன.

ரயில் வராத ஸ்டேஷனை அதுவரை நான் பார்த்ததில்லை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு ஆடுகள் படுத்துக்கொண்டு, பரம்பரைச் சொத்து மாதிரி அந்த இடத்தை அனுபவித்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி வந்திருந்தேன். உச்சி வெயிலில் பச்சை மண்ணின் வாடை மூக்கில் ஏறியது.

பானைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, யாரைத் தேடுகிறேன் என்று கேட்டாள்.

தேடி வந்தவளின் பெயர் எனக்குத் தெரியாது. தெரு தெரியாது. வீட்டுக்காரர் யார் என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் நாங்கள் அவளைக் கூப்பிடும் பெயர்தான். அது 'காருகுறிச்சி'. காருகுறிச்சியில் வந்து நின்றுகொண்டு, காருகுறிச்சி எங்கே இருக்கிறாள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

இத்தனைக்கும் நான் பூகோள டீச்சர்.

ஸ்டேஷன்தான் பெயர்

அப்போது நான் அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்ற பேச்சும் வீட்டில் பையக் குறைந்துவிட்டிருந்தது. வேலை திருநெல்வேலி டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். கரி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்த புதுசு. வெளிர் நிறச் சேலை கட்டிக்கொண்டு ரயிலேறும் துணிச்சல் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது.

பெண்கள் பெட்டியில் தினமும் போகிறவர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். நான் அம்பை. ஆற்றைத் தாண்டியதும் ஏறுகிற பாங்க் அம்மாள் கல்லிடை. நர்ஸ் வேலை பார்த்தவள் வீரவநல்லூர். கடைசியில் ஏறிவிட்டு, உட்கார இடமில்லை என்று தினமும் சண்டை பிடித்தவள் சேர்மாதேவி. "கல்லிடைக்குப் பல்வலியாம்", "வீரவநல்லூர் நேத்து மாமியாரோட சண்டை" என்றுதான் எங்கள் பேச்சு நடக்கும். புதிதாகப் பெட்டியில் ஏறியவர்கள் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

விளையாட்டாக வந்த வழக்கம் என்று கல்லிடை சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்டால் அடுத்து ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. அதற்குப் பிறகு தண்ணீர்ச் செம்பை நீட்டுகிற கை கொஞ்சம் யோசிக்கும். பஸ் கண்ணாடி உடைவதும், ஊருக்கு ஊர் போலீஸ் வேன் வந்து நிற்பதும் அடிக்கடி நடந்த வருஷங்கள் அவை. அந்தப் பெட்டிக்குள் நாங்கள் எல்லாவற்றையும் ஸ்டேஷனோடு நிறுத்திக்கொண்டோம்.

என் நெற்றியில் பொட்டு இல்லாததைப் பார்த்தே நான் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதையும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி.

கையில் செருப்போடு ஒருத்தி

காருகுறிச்சி எங்கள் எல்லோருக்கும் இளையவள். கலெக்டர் ஆபீஸில் இளநிலை உதவியாளர். வண்டி வந்து நின்ற பிறகுதான் வருவாள். வாய்க்கால் கரைமேல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வருவது ஜன்னல் வழியே தெரியும். ஏறி உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பிப்பாள். மூச்சு வாங்கும், சிரிப்பு வரும், இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாமல் என் தோளில் சாய்ந்துகொள்வாள். ஈரக் காலில் வாய்க்கால் சேறு இருக்கும். அதை என் சேலையில் படாமல் அவள் வைத்துக்கொண்ட நாள் ஒன்றுகூட இல்லை.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வோம். என் அண்ணி வைத்த சொதியும் சோறும் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். அவள் மாமியார் ஆக்கிய சாப்பாடு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வரும். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கருவாட்டுக் குழம்பு, வாரத்தில் பாதி நாள் முருங்கைக்கீரை. ஆற்றுக்கரை வீடுகளின் சமையலே இல்லை அது. உப்பும் உறைப்பும் தூக்கலாக, பச்சைத் தண்ணீர் கேட்கிற சாப்பாடு. எனக்கு அது அப்படிப் பிடித்துப்போயிருந்தது.

சாப்பாட்டைவிட ஒன்று சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்தே நான் சரியாகத் தூங்கவில்லை என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஏன் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பாள். அண்ணன் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

வடகரையும் தென்கரையும்

ரயில் பாலத்தில் பழுது பார்க்கப்போகிறார்கள், தண்டவாளமும் மாற்றுகிறார்கள், இரண்டு மாதத்துக்கு வண்டி கிடையாது என்று ஸ்டேஷன் சுவரில் ஒரு நாள் ஒட்டினார்கள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் என்ன, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவதற்குள் ஓடிவிடும். கடைசி நாள் அன்று கல்லிடை ஆளுக்கு ஒரு கட்டு அப்பளம் கொடுத்தாள். சேர்மாதேவி, இனிமேல் பஸ்ஸில் உட்கார்ந்து போவேன் என்று சவால் விட்டாள். பெயரும் விலாசமும் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நான் டவுன் ஸ்டேஷனில் இறங்கியபோது காருகுறிச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். கையை ஆட்டினாளா என்றுகூட நினைவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் வந்தது. பாலத்து வேலை நின்றது. இரண்டு மாதம் இழுத்துக்கொண்டே போனது.

ஆற்றுக்கு வடகரையில் அம்பை. அங்கிருந்து டவுனுக்கு நேரே போகிற பஸ் முக்கூடல் வழியாக வடகரையிலேயே போய்விடும். காருகுறிச்சியோ தென்கரை. அந்தப் பக்கத்து பஸ் சேர்மாதேவி, பத்தமடை என்று வேறு வழியில் போகும். ரயில்தான் எங்களை ஒரே பலகையில் உட்கார வைத்திருந்தது. அது நின்றதும் நான் ஒரு கரை, அவள் ஒரு கரை.

பஸ் பயணத்தைப் பற்றித் தனியாகவே ஒரு அத்தியாயம் எழுதலாம். முக்கூடலில் பீடித் தட்டோடு பெண்கள் ஏறுவார்கள். புகையிலை நெடியில் எனக்குத் தும்மல் வரும், நான் தும்மினால் முன்னால் நிற்பவர் திரும்பி முறைப்பார். இடம் பிடிக்க ஜன்னல் வழியே கைக்குட்டை போடுவார்கள், துண்டு போடுவார்கள். கைக்குட்டையை எடுத்து வீசிவிட்டு உட்காருகிறார்களே என்று நான் ஒரு நாள் குடையைப் போட்டேன். படிக்கட்டில் ஏறுவதற்குள் கூட்டம் என்னைக் கீழே தள்ளிவிட்டது. குடை மட்டும் சௌகரியமாக உட்கார்ந்து டவுன் போய்ச் சேர்ந்தது.

வீட்டிலும் குழப்பம். என் அண்ணி கடிகாரம் பார்த்துச் சமைத்தவள் இல்லை. காலை வண்டி தென்காசிப் பக்கமிருந்து வருகிற சத்தம் கேட்டால் சோற்றை வடிப்பாள், மாலை வண்டி ஊதினால் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். வண்டி நின்றதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு வாரம் எல்லோரும் குழைந்த சோறு சாப்பிட்டோம்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறப்பேன். உள்ளே என் வீட்டுச் சோறு இருக்கும். அதைப் பார்த்ததும் பசி போய்விடும். ஒரு நாள் தலைமையாசிரியை அறையிலிருந்து கலெக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டேன். யார் வேண்டும் என்று கேட்டார்கள். காருகுறிச்சியிலிருந்து வருவார்களே, சிரித்த முகமாக இருப்பார்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

சந்தையில் வந்த செய்தி

மழை ஓய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை, அம்பை சந்தையில் கல்லிடையைப் பார்த்தேன். வீரவநல்லூர் மூலமாக அவளுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. காருகுறிச்சி பல நாளாக லீவில் இருக்கிறாளாம். வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்களாம். லீவு முடிகிற வெள்ளிக்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப்போகிறாளாம்.

பரீட்சை எழுதி, எத்தனையோ வருஷம் காத்திருந்து வாங்கிய வேலை அது. முதல் நாள் ஆபீஸில் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றி அவள் ஒரு வாரம் பேசியிருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள்தான் நான் அந்தப் பானைகளுக்கு நடுவே போய் நின்றது.

ஸ்டேஷனுக்கு வருமுன் ஊருக்குள் இரண்டு தெரு அலைந்திருந்தேன். யார் வீடு, யார் மகள் என்று கேட்டார்கள். ஒருவர், என்ன ஆட்கள் என்றே கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமல் தேடி வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார்.

பானைக்கார அம்மாளிடம் வேறு வழியில்லாமல், கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு ரயிலில் போவாளே என்று ஆரம்பித்தேன்.

"செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வருவால்லா, அந்தப் புள்ளையா?" என்றாள் அவள். "அது எங்க ஊரு இல்லம்மா. வாய்க்காலுக்கு அங்கிட்டு, புதுக்குளம். கரையோட போங்க."

இத்தனை வருஷமாகக் காருகுறிச்சி காருகுறிச்சிக்காரியே இல்லை. அவள் எங்களைத் திருத்தவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்கால் கரையோடு நடந்தேன்.

"ஆளு பேரு என்ன?"

புதுக்குளத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அவள் வாசலில் தன் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், துண்டைக் கீழே போட்டாள், அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"யாருட்டி அது?"

"அம்பை, அத்தை."

"அம்பைங்கது ஊரு. ஆளு பேரு என்ன?"

அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள். நானே, எஸ்தர் என்று சொன்னேன். மாமியார் கண்ணை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேதக்காரங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெயிலில் நிற்காமல் உள்ளே வரச் சொல்லிவிட்டு, "செண்பகம், மோர் கொண்டா" என்றாள்.

அவள் பெயர் செண்பகம் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அது யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. அந்த வீட்டுக்குள் அவளும் யாரோ மாதிரிதான் இருந்தாள். மோரைக் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ரயிலில் என் மடியில் காலைத் தூக்கிப் போட்டு முள் எடுக்கச் சொன்னவள், என்னை வாங்க என்றும் உட்காருங்க என்றும் சொன்னாள்.

நான் சுற்றி வளைக்காமல் வேலையைப் பற்றிக் கேட்டேன். மாமியாரும் ஒளிக்கவில்லை. மகன் பம்பாயில் கடை வைத்திருக்கிறான். வீட்டில் இருப்பது இவர்கள் மூன்று பேர்தான். அந்த அம்மாளுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் எதிரே நிற்பது ஆடா ஆளா என்று தெரியாது. முன்பு ரயில் வந்தபோது, இருட்டும் நேரத்துக்கு மருமகள் எப்படியோ ஓடி வந்துவிடுவாள். பஸ் என்று ஆன பிறகு வீடு சேர விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிடுகிறது. மழைக்காலத்தில் ஒரு நாள் குழந்தை தவழ்ந்து வாய்க்கால் கரைவரைக்கும் போய்விட்டது. மாடு பத்தி வந்த யாரோ தூக்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"நான் வேணும்னா அவ வேலையக் கெடுக்கேன்? புள்ள தண்ணிக்குள்ள போயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்ல?" என்றாள் அந்த அம்மாள். சண்டை போடும் எண்ணத்தோடு போயிருந்த எனக்கு அதன் பிறகு சண்டை வரவில்லை.

சாப்பிடச் சொன்னாள். இலையில் முருங்கைக்கீரை விழுந்தது. கண்ணுக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னதால்தான் அந்த வீட்டில் ஓயாமல் கீரை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு வாய் வைத்தேன். இந்தக் கைச் சமையலை எத்தனையோ வருஷம் சாப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

"இது எங்க ராதாபுரத்துக் கைப்பக்குவம்" என்று சொல்லும்போதே அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறந்த ஊர் அது. பனங்காடு, காய்ந்த தரை, கிணற்றைத் தவிரத் தண்ணீர் கிடையாது. ஆனால் அந்த மண்ணில் முளைத்த கீரைக்கு இங்கே ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தது உறை போடக் காணாது என்றாள். தம்பி குடும்பம் அங்கே இருக்கிறது. வீடு நிறையப் பெண்பிள்ளைகள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து விசேஷத்துக்குப் போய்த் தலையைக் காட்டியதோடு சரி.

மாவட்டத்தின் தாலுகாக்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் நிற்க வைத்தவள் நான். ராதாபுரத்தில் தாலுகா ஆபீஸ் உண்டே என்றேன். செண்பகம் அங்கே மாற்றல் கேட்கலாம். தம்பி வீட்டுப் பக்கத்தில் குடியிருந்தால் நடந்து போய் நடந்து வரலாம். இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

அந்த அம்மாள் கையில் கரண்டியோடு அசையாமல் இருந்தாள். நானும் கூட வரலாமா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். மகனிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். தூணோரம் நின்றவள் முகத்தில் மட்டும் எந்தச் சந்தோஷமும் இல்லை.

வாய்க்கால் கரையில்

என்னை பஸ் ஏற்றிவிட அவளே வந்தாள். வீடு மறைந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நெல் வயலில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ராதாபுரம் அவளுக்கு முன்பே தோன்றியிருக்குமே என்று கேட்டேன்.

"தோணுச்சுக்கா. கேட்டா அன்னைக்கே குடுத்திருவாங்க. அங்கன போக ஆளு கிடையாது."

"பொறவு ஏன் கேக்கல?"

"வண்டி விட்டுருவாங்கன்னு பாத்தேன்" என்றாள். "வண்டி விட்டா நீங்க எல்லாரும் வருவிய. நான் மட்டும் இருக்க மாட்டேன்லா."

அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. வேலை முடிந்துவிட்டது, சோதனைக்கு எஞ்சின் மட்டும் பாலத்தில் ஓடிப் பார்த்தது, தை மாதம் வண்டி விடுகிறார்கள் என்று அம்பையில் பேசிக்கொண்டதைச் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். பழைய சிரிப்பு அப்படியே முகத்துக்கு வந்தது. நாலைந்து அடி நடக்கும்வரை அது இருந்தது.

"வெள்ளியோட லீவு முடியுது. தை மாசம் வண்டி வந்தாலும், என்னைக்காவது பிந்தினா அத்தைக்குக் கண்ணு வராதேக்கா" என்றாள்.

செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ராதாபுரத்துல ரயிலே கிடையாதுல்லா."

"வேலை இருக்கும்லா" என்றேன். என் குரல் எனக்கே வகுப்பில் கேட்கிற குரல் மாதிரி இருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டோம். தூரத்தில் பஸ் தெரிந்தது. அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா முடிவெடுக்க முடியலக்கா. நீங்க போன்னு சொல்லுங்க, போயிருதேன்."

பொறுத்துக்கொள், இன்னும் கொஞ்ச நாள்தான், ஏதாவது வழி பிறக்கும் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். வெள்ளிக்கிழமை வந்திருக்கும், வேலை போயிருக்கும்.

"போ" என்றேன்.

வண்டி வந்த நாள்

தை மாதம் வண்டி விட்டார்கள். எஞ்சினுக்கு வாழைக்குலை கட்டி, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். அண்ணி அன்று சோற்றைச் சரியான பதத்தில் வடித்துவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கல்லிடை ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கலோடு ஏறினாள். வீரவநல்லூர் ஏறினாள். இத்தனை மாதப் பஸ் கதைகளை எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னதில் யார் கதையும் யாருக்கும் கேட்கவில்லை.

காருகுறிச்சியில் வண்டி நின்றது. பேச்சும் நின்றது. எல்லோரும் ஜன்னலுக்கு வந்து வாய்க்கால் கரையைப் பார்த்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். ராதாபுரத்தில் அவள் பொங்கலுக்கு முன்பே சேர்ந்துவிட்டதையும், மாமியாரும் குழந்தையும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

பிறகு கல்லிடை, எங்கே இருந்தால் என்ன, வேலை நிலைத்ததே, அது போதும் என்றாள். போதும் போதும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் போதும் என்றேன். வண்டி கிளம்பியது.

எனக்குப் போதவில்லை.